கழற்றி வைத்த சாமான்கள்

அன்று காலை அவள் கால் கிளட்சை எட்டவில்லை.

முந்தின நாள் மாலை எட்டியது. கடையிலிருந்து அவளேதான் ஓட்டி வந்தாள், வீட்டு முன்னால் தகரக் கூரைக்குக் கீழே நிறுத்தினாள், சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். இடையில் யாரும் ஏறவில்லை. ஏற ஆளும் கிடையாது. அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். ஆனாலும் சீட் பின்னால் போயிருந்தது. அடியில் இருந்த கம்பியை இழுத்துக்கொண்டு முன்னால் உந்தினாள். டக், டக், டக், டக். அடித் தண்டவாளத்தில் நான்கு பல். நடுக்கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தால் பின்பக்கச் சாலைக்குப் பதில் வண்டியின் உட்கூரை தெரிந்தது. யாரோ உயரமானவர் தன் கண்ணுக்குத் திருப்பி வைத்த மாதிரி. வண்டிக்குள் கிராம்பு வாசனை அடித்தது.

அவள் குட்டை. அதைச் சொல்ல அவளுக்கு வெட்கம் இல்லை. மற்றவர்களுக்குத்தான் அதைச் சொல்லிக் காட்டுவதில் ஏதோ ஒரு சுகம். பதினோரு வருடம் கணவனோடு வாழ்ந்த வீட்டில் எல்லாமே அவன் உயரத்துக்கு இருந்தது. அலமாரி, முகம் பார்க்கும் கண்ணாடி, கதவின் மேல் தாழ்ப்பாள், எல்லாம். காரின் பக்கம் அவள் போனாலே, உனக்குக் கால் எட்டாது என்று சிரித்துக்கொண்டே சாவியை வாங்கிவிடுவான். அந்த வீட்டை விட்டு வந்து, இந்தச் சின்ன வீட்டைப் பிடித்து, சொந்தமாக வாங்கிய முதல் பெரிய பொருள் இந்த வண்டி. பழையதுதான். சிவப்பு, இரண்டே கதவு, இத்தனூண்டு உடம்புக்குள் அத்தனை திமிர். ஆக்சிலரேட்டரைத் தொட்டாலே சீறும். தரகர் காகிதங்களை நீட்டும்போது, முன்னால் ஓட்டியவர் நல்ல உயரமான ஆள், இனி ஓட்டமாட்டார் என்று மட்டும் சொன்னார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் கேட்கத் தோன்றவில்லை.

அக்காவுக்கு வண்டியைப் பிடிக்கவே இல்லை. தனியாக இருக்கிற பெண்ணுக்கு விடலைப் பசங்க வண்டி எதற்கு, பேசாமல் விற்றுவிட்டு என் வீட்டு மாடி அறைக்கு வந்துவிடு என்று வாரம் தவறாமல் போன் செய்தாள். அந்த மாடி அறையை இவளுக்குத் தெரியும். அங்கே போனால் மறுபடி யாரோ ஒருவர் உயரத்துக்கு வாழ வேண்டும். தலைகீழாக நின்றாலும் போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினால் யாரோ ஒருவருக்கு நாள் முழுக்கத் தலைவலி. அதனால் எதையும் அளந்துதான் நம்புவாள். லென்ஸில் நடுப்புள்ளி வைக்கிற வெள்ளை மையால், சீட் தண்டவாளத்தில் தன் இடத்தைக் குறித்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை சீட் அந்தப் புள்ளிக்கு நான்கு பல் பின்னால் நின்றது. அதற்கு மறுநாளும் அப்படியே. அவளுக்குப் பயம் வந்தது. ஆனால் பயத்துக்கு முன்னாலேயே கோபம் வந்துவிட்டது. அவளிடம் எப்போதும் அந்த வரிசைதான்.

மெக்கானிக் அவளுக்குப் பழக்கமானவர். அவர் மூக்கில் இருந்த கண்ணாடியே அவள் தேய்த்ததுதான். சீட்டைக் குலுக்கிப் பார்த்தார், பற்களை டார்ச் அடித்துப் பார்த்தார், ஒரு கோளாறும் இல்லை என்றார். பிறகு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக உன் கைக்கு மாற்றிக்கொள்ளேன் என்றார். பழைய வண்டி வாங்கியவர்கள் எல்லாரும் செய்வதுதான். ஒரு நிபந்தனை மட்டும் சொன்னார்.

"பழசைத் தூக்கிப் போட்றாதம்மா. எதைக் கழட்டினாலும் பத்திரமா வை. நாளைக்கு விக்கணும்னா எல்லாத்தையும் பழையபடி மாட்டிக் குடுத்தாத்தான் வாங்குறவங்க நம்புவாங்க."

"நான் விக்கவே மாட்டேன், அண்ணே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நீ எடுத்து வை."

எடுத்து வைத்தாள். முதலில் ஸ்டீயரிங் மாறியது. அவள் கைக்கு அடக்கமான, சின்ன, தடித்த வளையம் ஒன்று வந்தது. பிறகு கியர் குமிழ், அதற்கடுத்து ஸ்பிரிங்குகள். வண்டி இரண்டு விரல் தாழ்ந்து தரையைக் கவ்விக்கொண்டு ஓடியது. மாதம் ஒரு வேலை, சில மாதம் இரண்டு. ஆயிலை நேரம் தவறாமல் மாற்றினாள், பிளக்கைத் தானே கழற்றித் துடைக்கக் கற்றுக்கொண்டாள், ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிக்கு அடியில் படுத்து நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினாள். உறுமலாக இருந்த சைலன்சர் போய்த் துல்லியமாகப் பாடுகிற ஒன்று வந்தது. பெடல்களைத் தாங்கியோடு முழுசாகக் கழற்றிவிட்டு, அவள் காலுக்கு எட்டும்படி நீளமாகச் செய்த மூன்றை மெக்கானிக் மாட்டினார். கழற்றியதை எல்லாம் லென்ஸ் பெட்டிகளில் வரும் காற்றுக்குமிழ்த்தாளில் சுற்றி, பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, வீட்டின் உள்ளறையில் அடுக்கினாள். அவள் படுக்கும் அறைக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

ஒவ்வொரு சாமான் போகும்போதும் வண்டி கொஞ்சம் லேசானது. கிராம்பு வாசனை குறைந்தது. நடுக்கண்ணாடியையும் மாற்றிய பிறகு அது அவள் வைத்த கோணத்திலேயே நின்றது. சீட் மட்டும் விடாப்பிடியாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அதையும் தண்டவாளத்தோடு பெயர்த்து எடுத்துவிட்டு, நகரவே நகராத பந்தய சீட் ஒன்றை அவள் அளவுக்குத் தரையில் நான்கு போல்ட் போட்டு முடுக்கிய அன்று, மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"இப்ப இது உன் வண்டிம்மா. பழைய ஆளோட சாமான் ஒண்ணுகூட இல்ல. எல்லாம் உன் உள்ளறையில இருக்கு. விட்டா அங்க இன்னொரு வண்டி ஓடும் போல."

அவளும் சிரித்தாள். அன்று மாலை மலைச் சாலையில் ஏறினாள். மூன்றாம் கியரில் வளைவுக்குள் நுழைந்து, நடு வளைவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி அவள் இடுப்பிலிருந்து திரும்புவது போலத் திரும்பியது. ஜெயித்துவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னாள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது ஹாலில் கிராம்பு வாசனை அடித்தது.

தன் உடுப்பில் ஒட்டியிருக்கும் என்று நினைத்தாள். துவைத்துப் போட்டாள். வாசனை போகவில்லை. உள்ளறைக் கதவருகே அது அதிகமாக இருந்தது. கிராம்போடு ஈரத் தோல், சூடான ரப்பர், ரொம்ப நேரம் மூடிக் கிடந்த காருக்குள் அடிக்கும் அந்தப் புழுங்கிய காற்று. கதவைத் திறந்தாள். மூலையில் அவள் சாத்தி வைத்திருந்த சீட், குமிழ்த்தாள் கிழிந்து, அவள் படுக்கையறைச் சுவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில், அதைப் பார்த்து நின்றது. பெடல்கள் அதற்கு முன்னால் தரையில். கியர் குமிழ் இடப்பக்கம். கண்ணாடி, அந்தச் சுவரில் எப்போதோ யாரோ அடித்து விட்டுப்போன ஆணியில் தொங்கியது. ஒட்டியிருந்த பெயர்த்தாள்கள் எல்லாம், அவள் கையெழுத்தோடு, தரையில் உரிந்து கிடந்தன.

 உள்ளே போய் சீட்டைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினாள். பெடல்களை எட்டி உதைத்து மூலைக்குத் தள்ளினாள். கண்ணாடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தாள். வெளியே வந்து கதவைச் சாத்தி, சத்தமாக ஏதோ ஒரு பாட்டை அடி தெரியாமல் பாடிக்கொண்டு சமையல் செய்தாள். காலையில் போய்ப் பார்த்தாள். எல்லாம் மறுபடி சுவரைப் பார்த்து இருந்தன. சீட்டின் தோல் நடுவில் அமுங்கியிருந்தது. ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்தவரின் அமுங்கல்.

தன் கடையிலிருந்தே மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். விற்கும் பேச்சே இல்லை, எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்றாள். ஏன் என்று அவர் கேட்டார். இடத்தை அடைக்கிறது என்றாள். திங்கட்கிழமை டெம்போ எடுத்து வருவதாகச் சொன்னார்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

நல்ல வெயில். பட்டப்பகல் மூன்று மணி. அக்கா போனில் இருந்தாள். தங்கையின் குரலில் ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். அந்த வீட்டையும் வண்டியையும் விட்டுவிட்டு இன்றைக்கே கிளம்பி வா என்று கெஞ்சினாள். அப்போதுதான் உள்ளறையில் கேட்டது. டக், டக், டக், டக்.

"என்னடி சத்தம்?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரு ஆளு என் வீட்டுல சீட்டைப் பின்னாடி தள்ளுறான்."

"யாருடி?"

"தெரியல. யாரா இருந்தா என்ன, நான் எங்கயும் வரல. இது என் வீடு."

போனை வைத்துவிட்டு வெள்ளை மையை எடுத்துக்கொண்டாள். வண்டிச் சாவி இடுப்பில் இருந்தது. ஓடிவிடலாம் என்று உடம்பு முழுக்கச் சொல்லியது.  ஆனால் பதினோரு வருடம் எதற்கும் வாய் திறக்காமல் இருந்தவள் அவள். ஒரு தடவை இறங்கிப் போனால் பிறகு வாழ்நாள் முழுக்க இறங்கித்தான் போக வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே ஒரு நாள். நாளைக்கு இதெல்லாம் இரும்புக்குப் போய்விடும். போவதற்கு முன்னால் ஒரு தடவையாவது இந்த சீட் அவள் அளவுக்கு நிற்க வேண்டும்.

உள்ளே போனாள். கதவை அகலத் திறந்து வைத்தாள். சீட்டின் மேல் கிடந்த பழைய ஸ்டீயரிங்கைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தோல் வெதுவெதுப்பாக இருந்தது. கம்பியை இழுத்தாள். முன்னால் உந்தினாள். டக். டக். டக். டக். கால் பெடலைத் தொட்டது. குனிந்து தண்டவாளத்தில் வெள்ளைப் புள்ளி வைத்தாள்.

"இதுவும் நான் வாங்கினதுதான்," என்றாள் சுவரைப் பார்த்து. "நீ இறங்கிக்கோ."

 கிராம்பு வாசனை பின்னாலிருந்து, காதோரமாக, இளஞ்சூடாக வந்தது.

நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். அறையின் உத்தரம் தெரிந்தது. கையை நீட்டித் தன் கண்ணுக்குத் திருப்பினாள். திறந்த கதவு, அதற்கு அப்பால் ஹால், நாற்காலி, அதன் மேல் அவள் போன். எல்லாம் இருந்தது. சரி. எழுந்துவிடலாம்.

மடியிலிருந்த ஸ்டீயரிங்கைத் தூக்கினாள். வரவில்லை. எதிலோ மாட்டியிருந்தது.

சைலன்சர் உறுமியது. அவளுடைய வண்டியின் பாட்டு இல்லை இது. பழையது. அவள் சுற்றி, பெயர் எழுதி, இந்த அறையில் வைத்தது. சுவரோரமாக, தரையில், எதனோடும் சேராமல் கிடந்து உறுமியது.

கிளட்ச் தானாகக் கீழே போனது.

கியர் குமிழ் முன்னால் நகர்ந்தது.

"விடமாட்டேன்," என்றாள். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தாள். அவள் விரல்களுக்கு மேல் வேறு விரல்கள் வந்து பொருந்தின. நீளமானவை. அவள் கையை எடுக்கவில்லை. பலங்கொண்ட மட்டும் இடப்பக்கம் ஒடித்தாள். அவை வலப்பக்கம் ஒடித்தன.

டக்.

சீட் பின்னால் போனது. அவளோடு.

டக். டக்.

வெள்ளைப் புள்ளி முன்னால் விலகிப் போவதைப் பார்த்தாள்.

டக்.

கண்ணாடியில் கதவு சின்னதாகிக்கொண்டிருந்தது. கதவு, ஹால், பிறகு வீடு முழுவதும், தகரக் கூரை, அதன் கீழே சிவப்பாக அவள் வண்டி. உள்ளங்கை அளவு. நகத்தின் அளவு. எதிரே சுவர் இருந்த இடத்தில் இருட்டு விரைந்து வந்துகொண்டிருந்தது.

பிரேக்குக்குக் காலை நீட்டினாள். இன்னும் நீட்டினாள்.

எட்டவில்லை.