கேசட்டின் இரண்டு காதுகள்

12 செப்டம்பர் 1979, புதன்

இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். கணக்கு வகுப்பைப் பதிவு செய்யும்போது, ரெக்கார்டருக்குள் எந்தக் கேசட் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

'சிறிய' என்று மேலே எழுதியிருக்கிறேன். அது சரியான சொல் இல்லை. ஆனால் நாட்குறிப்பில் எழுதியதை அடிக்கக் கூடாது என்பது பள்ளி முடிந்து நாங்கள் போகும் மாலை வகுப்பின் விதி. அதனால் அடிக்கவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எனக்குக் கணக்கு மெதுவாகத்தான் வரும். கனகசபை சார் வேகமாகச் சொல்லிக்கொண்டே போவார். அதனால் அப்பாவின் கேசட் ரெக்கார்டரை வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போவேன். கடினமான கணக்கை மட்டும் பதிவு செய்து, வீட்டில் இரண்டு மூன்று முறை கேட்பேன். இதற்கென்றே ஒரு கேசட் வைத்திருக்கிறேன். அதன் மேல் 'கணக்கு' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இன்று தொட்டிக் கணக்கு. இரண்டு குழாய்கள் தொட்டியில் தண்ணீரைக் கொட்டுகின்றன. மூன்றாவது குழாய் அதை வெளியே விடுகிறது. நான் சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினேன். சார் நடுவில் மூன்று முறை தும்மினார். தொட்டி நிரம்பியதும் நிறுத்தினேன்.

வீட்டுக்கு வந்து கேசட்டை வெளியே எடுத்தால், அதில் 'கணக்கு' என்று எழுதியிருக்கவில்லை. அது மார்க்கிரட் அக்காவின் கேசட். நேற்று இரவு இரண்டு பாட்டு கேட்டுவிட்டு உள்ளேயே விட்டிருக்கிறேன்.

மார்க்கிரட் அக்கா 'எட்டாம் படி' குழுவில் பாடுபவர். குழுவில் மூன்றே பேர். சபாபதி அண்ணன் கிட்டார் வாசிப்பார். கார்த்திகேசு அண்ணன் பெரிய பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டுவார். எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் சலவைக் கடைக்கு மேலே இருக்கிற அறையில்தான் பயிற்சி. அந்த மாடிப்படியில் எட்டாவது படியை மிதித்தால் கிறீச்சென்று கத்தும். அதுதான் பெயருக்குக் காரணம்.

அவர்கள் சினிமாப் பாட்டு பாட மாட்டார்கள். எல்லாம் சொந்தப் பாட்டு. அதனால் கோயில் திருவிழாவில் அவர்களுக்கு மேடை கிடைக்கவில்லை. பூப்பந்து மண்டபத்தில் ஒரே ஒரு முறை பாடினார்கள். கேட்க ஏழு பேர் வந்தோம். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

எனக்கு அவர்கள் பாட்டு ஏன் பிடிக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வானொலியில் வரும் பாட்டில் ரோஜாத் தோட்டம் வரும், பனிமலை வரும். எங்கள் பஸ் வந்ததே இல்லை. மார்க்கிரட் அக்கா பாட்டில் அது வந்தது. நாங்கள் பேச்சின் முடிவில் போடும் 'லா'கூட வந்தது.

'கை காட்டியும் நிக்கவில்லை சாலாக் செலாத்தான் பஸ்ஸு,
காலு ரெண்டும் பேசிக்கிச்சு, நடப்போம் வா லா, லேசு.'

இதை முதன்முதலாகக் கேட்ட நாளில் அந்தச் சாலாக் செலாத்தான் ஊருக்கே நடந்து போகலாம் போல இருந்தது.

மார்க்கிரட் அக்கா ஆஸ்பத்திரித் தாதிப் பயிற்சிக்காக ஆகஸ்டு மாதம் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். போவதற்கு முன் அந்த அறையில் மூன்று பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். பஸ் பாட்டு மூன்றாவது. கேசட்டை என்னிடம் கொடுத்து, "நீதான் எதையும் தொலைக்காத ஆளு" என்றார் அக்கா.

சபாபதி அண்ணன் ஒன்று சொல்லியிருந்தார். கேசட்டின் பின்பக்க ஓரத்தில் காது போல இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் சிவப்புப் பொத்தான் இறங்காது. யாரும் தவறிக்கூட அழிக்க முடியாது. காதை உடைக்கும்போது கேசட்டே உடைந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். 'நாளை செய்ய வேண்டியது: காதை உடைப்பது' என்று ஒன்பது நாள் எழுதியிருக்கிறேன்.

அழிந்தது மூன்றாவது பாட்டு.

நாளை செய்ய வேண்டியது: எவ்வளவு அழிந்திருக்கிறது என்று முழுவதும் கேட்பது.


13 செப்டம்பர், வியாழன்

கேட்டேன். அப்பாவின் கைக்கடிகாரத்தை வைத்து அளந்தேன். பாட்டு மூன்று நிமிடம் இருபது விநாடி. தொட்டிக் கணக்கு மூன்று நிமிடம் பதினொரு விநாடி. மிச்சம் ஒன்பது விநாடி.

அந்த ஒன்பது விநாடியில் பாட்டு இல்லை. கடைசியாகக் கிட்டார் நின்று போகும் சத்தம், பிறகு ஒரு கிறீச். அன்றைக்கு எல்லாருக்கும் கயிறு கட்டிய காலிப் பால் டின்களில் தேநீர் வாங்கிக்கொண்டு நான்தான் படியேறினேன். அக்காவின் குரலை அழித்துவிட்டேன். என் கால் சத்தம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதக் கூச்சமாக இருக்கிறது. போன மாதம் என் வகுப்பில் படிக்கும் பாலன் இந்தக் கேசட்டை இரவல் கேட்டான். அவன் வீட்டில் ஒரு ரெக்கார்டர் இருக்கிறது. இரண்டு ரெக்கார்டர்களையும் எதிரெதிரே வைத்து, ஒன்றில் ஓட விட்டு மற்றதில் பதிவு செய்யலாம் என்றான். நான் தர மாட்டேன் என்றேன். கெட்டுப்போகும் என்று காரணம் சொன்னேன். அது பொய். அந்தப் பாட்டு எனக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதும் என்று நினைத்தேன். எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் அது வானொலிப் பாட்டு மாதிரி ஆகிவிடுமே என்று நினைத்தேன்.

இப்போது அது யாரிடமும் இல்லை.

சனிக்கிழமை சபாபதி அண்ணன் இந்தக் கேசட்டைப் பக்கத்து நகரமான கிள்ளானுக்கு எடுத்துப் போவதாக இருக்கிறார். அங்கே கேசட் கடை வைத்திருக்கும் நாகையா என்பவர், பஸ் பாட்டை மட்டும் தீபாவளி வரைக்கும் கடை வாசல் ஒலிபெருக்கியில் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கடைக்கு எதிரே பஸ் நிறுத்தம். ஏழு பேருக்குப் பதில் எழுநூறு பேர் கேட்டிருப்பார்கள்.

நாளை செய்ய வேண்டியது: சபாபதி அண்ணனிடம் சொல்வது.


14 செப்டம்பர், வெள்ளி

சொல்லிவிட்டேன்.

சபாபதி அண்ணன் விளம்பரப் பலகை எழுதும் கடையில் வேலை செய்கிறார். நான் போனபோது ஒரு மளிகைக் கடைப் பலகையில் சிவப்பு எழுத்துக்கு மஞ்சள் ஓரம் தீட்டிக்கொண்டிருந்தார். பள்ளியிலிருந்து போகும் வழியெல்லாம் நான் ஐந்து வாக்கியங்கள் யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

"அண்ணே, பஸ் பாட்டு போயிருச்சு. நான் அதுமேல கணக்கு ரெக்கார்ட் பண்ணிட்டேன்."

அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, போட்டுக் காட்டு என்றார். நின்றுகொண்டே முழுவதும் கேட்டார். சார் தும்மிய இடத்தில் அவர் உதடு கொஞ்சம் அசைந்தது. கடைசியில் படி கிறீச்சிட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"காதை ஒடைக்கச் சொன்னேன்ல?"

"சொன்னீங்க அண்ணே."

"சரி லா. வீட்டுக்குப் போ."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திட்டியது, அந்த நேரம் பார்த்துக் கடைக்கு வந்த கார்த்திகேசு அண்ணன். அதுவும் சத்தமாக இல்லை. "மொத்தமே ஏழு பேருதான் நம்ம பாட்டைக் கேட்டாங்க. அதுல ஒரு ஆளே அழிச்சிருச்சு" என்றார். பிறகு, தீபாவளி முறுக்குக்காக அவர் அம்மா டின்னைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருப்பதாகவும், இனிமேல் கொடுத்துவிடலாம் என்றும் சபாபதி அண்ணனிடம் சொன்னார்.

இருவரும் சேர்ந்து மறுபடி பதிவு செய்யக் கூடாதா என்று கேட்டேன். சபாபதி அண்ணன் இரண்டு வரி பாடிப் பார்த்தார். நிறுத்திவிட்டு, இது அவள் பாட்டு என்றார்.

மாலை வகுப்பில் பாலனிடமும் சொன்னேன், பொய் சொன்னதையும் சேர்த்து. அவன் கொஞ்ச நேரம் பென்சில் சீவினான்.

"அன்னிக்கே குடுத்திருந்தா இப்ப ரெண்டு இருந்திருக்கும்" என்றான்.

இந்த ஒரு கணக்கு எனக்கு உடனே புரிந்தது.

நாளை செய்ய வேண்டியது: எதுவும் தோன்றவில்லை.


16 செப்டம்பர், ஞாயிறு

நேற்று சபாபதி அண்ணன் கிள்ளானுக்குப் போகவில்லை. அறை பூட்டியிருந்தது. எட்டாவது படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். உட்கார்ந்தால் அது கத்துவதில்லை.

மார்க்கிரட் அக்காவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. அவ்வளவு தூரத்தில் இருப்பவரை ஏன் வருத்த வேண்டும் என்கிறார்கள். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கேசட்டை என்னிடம்தானே கொடுத்தார்?

அக்காவின் அம்மா பூரணம் ஆன்டியிடம் போய் முகவரி வாங்கி வந்தேன். நீல நிற விமானக் கடிதத்தில் முதல் நாலு வரியில் தவறை எழுதினேன். மன்னிப்புக் கேட்டேன். நிறைய இடம் மிஞ்சியது. மன்னிப்பையே திரும்பத் திரும்ப எழுதி அதை நிரப்ப முடியாது.

அப்போது என் பாட்டு நோட்டு நினைவுக்கு வந்தது. பஸ் பாட்டை நான் நாற்பத்தொரு முறை கேட்டிருக்கிறேன். வரிகளையும், அக்கா எங்கே மூச்சு விடுகிறார், எங்கே டின் சத்தம் தொடங்குகிறது, எங்கே சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுகிறார் என்பதையும் எழுதி வைத்திருந்தேன். அதையெல்லாம் பொடி எழுத்தில் கடிதத்தில் எழுதினேன். மூச்சு விடும் இடத்துக்குச் சிறிய கோடு போட்டேன். எதையும் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. 'உங்களிடமாவது இது முழுதாக இருக்கட்டும்' என்று மட்டும் முடித்தேன்.

நாளை செய்ய வேண்டியது: கடிதத்தை அஞ்சல் பெட்டியில் போடுவது.


11 அக்டோபர், வியாழன்

பதில் வரவில்லை. மூன்று வாரத்துக்கு மேலாகிவிட்டது.

தீபாவளித் துணி வாங்க அம்மாவுடன் கிள்ளானுக்குப் போனேன். நாகையா கடையைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடியது. பஸ் நிறுத்தத்தில் எத்தனையோ பேர் பைகளோடு நின்றார்கள். ஒரு பஸ் நிற்காமல் போய்விட்டது. கை காட்டிய ஒருவர் கையை மெதுவாகக் கீழே இறக்கினார்.

அங்கே பாட வேண்டிய பாட்டு ஒன்று பாடவில்லை என்பது அங்கே நின்ற யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டேன்?

அம்மா, ஏன் அழுகிறாய், பச்சைத் துணி வேண்டாமா என்று கேட்டார். பச்சையே போதும் என்றேன்.

நாளை செய்ய வேண்டியது: பச்சைத் துணியைத் தையற்காரரிடம் கொடுப்பது.


29 அக்டோபர், திங்கள்

பூரணம் ஆன்டி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். இங்கிலாந்திலிருந்து என் பெயருக்கு ஒரு சின்னப் பொட்டலம் வந்திருந்தது. உள்ளே ஒரு கேசட்.

நான் அதைத் தனியாகக் கேட்கவில்லை. கேட்கக் கை துடித்தது உண்மைதான். ஆனால் முதலில் சபாபதி அண்ணனிடம் ஓடினேன். அவர் கார்த்திகேசு அண்ணனைக் கூப்பிட்டார். வகுப்பு முடிந்ததும் சலவைக் கடை மாடிக்கு வரச் சொல்லிப் பாலனிடமும் சொன்னேன். அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றான். கார்த்திகேசு அண்ணன், அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டின்னோடு வந்தார்.

முதலில் அக்கா பேசினார். மூக்கு அடைத்த குரல்.

"தங்கமணி, ஒன் கடிதாசி கெடைச்சுது. படிச்சதும் கோவமா வந்துச்சு. அப்புறம் அடியில பாட்டைப் பாத்தேன். ஒண்ணு சொல்றேன், சபாகிட்ட சொல்லாதே. இங்க வந்து ஒரே மாசத்துல எனக்கு ரெண்டாவது அடி மறந்துபோச்சு. யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், வரவே இல்ல. யாரைப் போயி கேக்குறது? இந்த ஊர்ல சாலாக் செலாத்தான் பஸ்ஸை யாருக்குத் தெரியும்? நீ மூச்சு விடுற எடத்தைக்கூட போட்டு அனுப்பியிருக்கே."

சபாபதி அண்ணன் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

பிறகு அக்கா பாடினார். கிட்டார் இல்லை. ஏதோ ஒரு தட்டில் விரலால் தட்டிக்கொண்டு பாடினார். பழைய பாட்டு மாதிரி இல்லை. மெதுவாக இருந்தது. நடுவில் ஒரு முறை தும்மினார். சாரைப் போல மூன்று முறை இல்லை.

'காலு ரெண்டும் பேசிக்கிச்சு' என்ற இடம் வந்தபோது, கார்த்திகேசு அண்ணன் முறுக்கையெல்லாம் நாளிதழ்த் தாளில் கொட்டிவிட்டு டின்னைக் கவிழ்த்தார். மெல்லத் தட்ட ஆரம்பித்தார்.

பழைய பாட்டு திரும்பி வராது. நாகையா கடையில் தீபாவளியும் முடிந்துவிட்டது. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

பாட்டு முடிந்ததும் எட்டாவது படி கிறீச்சென்றது. பாலன் வந்து வாசலில் நின்றான்.

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டான்.

"இல்ல. இன்னொரு வாட்டி போடுறேன்" என்றேன்.

அதற்கு முன் கேசட்டை வெளியே எடுத்து, சபாபதி அண்ணனின் தூரிகைக் காம்பால் காதுகளை உடைத்தேன். முதலில் இடது, பிறகு வலது. கேசட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நாளை செய்ய வேண்டியது: 'கணக்கு' கேசட்டில் இருக்கும் கணக்குகளையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வது. பிறகு அதை எடுத்துக்கொண்டு பாலன் வீட்டுக்குப் போய், இரண்டு ரெக்கார்டர்களையும் எதிரெதிரே வைத்து, கணக்கின் மேல் பஸ் பாட்டைப் பதிவு செய்து அவனிடம் கொடுப்பது.