ஓட்டுநர் இல்லாத பேருந்து

வெள்ளி, காலை 9.10. பேருந்துப் பணிமனையின் மனநல ஆலோசகர் கோப்பைத் திறந்தார். ஏழாம் எண் ஓட்டுநரின் படத்தை யாரோ மாற்றியிருந்தார்கள்.

புதன்கிழமை பன்னிரண்டு ஓட்டுநர்களிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, "உங்க வேலையை வரைங்க" என்றிருந்தார். ஏழாம் எண் வரைந்தது கண்ணிலேயே நின்றது: பேருந்து நிறைய ஆட்கள், ஓட்டுநர் இருக்கை மட்டும் காலி. ஒரு படத்தை வைத்து மனச்சோர்வு என்று முத்திரை குத்திவிட முடியாது. ஆனால், ஆளைக் கூப்பிட்டுப் பேசு என்று சொல்லும் படம் அது. இன்று பேசுவதாக இருந்தார். இப்போதோ அதே தாளில், காலியாக இருந்த இருக்கையில் ஓர் ஓட்டுநர் காதுவரை சிரித்துக்கொண்டிருந்தார்.

அலமாரிப் பூட்டு உடையவில்லை. அவரைத் தவிர மேற்பார்வையாளர், பணிமனைச் செவிலியர் இருவரிடம்தான் சாவி.

மேற்பார்வையாளர் முதலில் வந்தார்.

"புதன்கிழமை படம் வரையறப்ப என்ன சொன்னோம்னு ஞாபகம் இருக்கா?"

"உங்க கூடத்தானே இருந்தேன் மேடம்! தப்பா வந்தாலும் யாரும் அழிக்கக் கூடாதுன்னு தொண்டை கிழியக் கத்தினதே நான்தான்."

"ஏழாம் எண்?"

"பத்து மணி வண்டி அவருக்கு."

9.30. அடுத்து செவிலியர்.

"புதன்கிழமை நான் லீவு மேடம். படத்தையெல்லாம் பாக்கவே இல்ல."

ஆலோசகர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

"மாத்தினது நீங்கதான்."

செவிலியரின் முகம் வெளுத்தது.

"அன்னிக்கு யார்கிட்டயும் ரப்பர் இல்ல. இங்க வாயைச் சுத்தித் தாள் தேஞ்சு கிடக்கு. அழிக்கக் கூடாதுன்னு தெரியாம, சாவியும் வச்சிருந்த ஆள் நீங்க ஒருத்தர்தான். இதையும் பாருங்க, அழிச்ச கோடெல்லாம் கீழ்நோக்கி வளைஞ்சிருக்கு. வரைஞ்ச கைக்குச் சிரிப்பு வரவே மாட்டேன்னிருக்கு. அவரை உங்களுக்கு நல்லாத் தெரியும்."

செவிலியர் உடைந்து அழுதார். "என் கூடப்பிறந்த அண்ணன் மேடம். ரெண்டு மாசமாச் சரியாத் தூங்கறதில்ல. வண்டியையும் பிடுங்கிட்டா ஒரேயடியா நொறுங்கிடுவார்னு பயந்துட்டேன்."

"தூங்காம வண்டி நிறைய ஆளை ஏத்திக்கிட்டா?"

மணி 9.52. இருவரும் ஓடினார்கள்.

இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. ஆலோசகர் சொன்னதும் மேற்பார்வையாளர் வேறு ஓட்டுநரை ஏற்றினார். இறங்கிய அண்ணன், தங்கையின் கலங்கிய முகத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை.

"வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம். இப்ப நீங்க எப்படி இருக்கீங்கன்னு சொல்லுங்க" என்றார் ஆலோசகர்.

"ரெண்டு நாளாப் பாத்துக்கிட்டே இருந்தேன் மேடம். யாராவது கூப்பிட மாட்டாங்களான்னு..." என்றார் அண்ணன்.

புதன்கிழமையே கூப்பிட்டிருக்க வேண்டும் என்பது ஆலோசகருக்கு அப்போதுதான் உறைத்தது.