பெயரைச் சொல்லலாம்

தலாசோ தண்ணீர் சுமந்த கழுதைகளோடு ஊருக்குத் திரும்பியபோது மக்கள்தொகைக் கணக்கு முடிந்துவிட்டது. முப்பத்தெட்டுப் பேர். அதில் அவள் இல்லை.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உப்புவெளியைக் கடந்து போய் நேற்று அவள் கொண்டுவந்த தண்ணீரில்தான் கணக்கெடுக்க வந்த அதிகாரிக்குத் தேநீர் போட்டிருந்தார்கள். அதைக் குடித்துக்கொண்டே அவர் சொன்னார்: நூறு பேர் இல்லாத ஊருக்குக் குழாய்க் கிணறு கிடையாது.

எத்தனை பிள்ளைகள் என்று வீடு வீடாகக் கேட்டாராம். "இருக்காங்க" என்பதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லையாம். அதனால் கண்ணில் பட்டவர்களை மட்டும் எழுதிக்கொண்டாராம்.

எப்படித் திறப்பார்கள்? பிள்ளைகளையும் ஒட்டகங்களையும் எண்ணினால் குறைந்துபோகும் என்று ஒட்டகம் மேய்த்து வாழும் கப்ரா மக்களுக்குப் பயம்.

"எண்ணிச் சொல்லி உன் தம்பிக்கு ஏதாவது ஆயிட்டா?" என்றாள் அம்மா.

"தண்ணியில்லாம ஆனா பரவாயில்லையா?"



அதிகாரி வண்டியில் ஏறினார். தலாசோ கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனைன்னு கேட்டா சொல்ல மாட்டாங்க சார். பேரைக் கேட்டீங்களா?"

அவர் கேட்கவில்லை. படிவத்தில் எண்ணுக்குத்தான் கட்டம் இருந்தது.

"பின்பக்கம் எழுதுங்க."

தன் வீட்டுப் பெயர்களைக் கடகடவென்று சொன்னாள். அடுத்து பக்கத்துக் குடிசை. "தார்மி, அவங்க பையன் குயோ..."

"ஏய், என் சின்னவனை ஏன் விட்டே?" தார்மி ஓடிவந்தாள். "ஜல்தேசான்னு எழுதுங்க. பெரியவன் குயோ ஒட்டகத்தோட எத்தியோப்பியா பக்கம் போயிருக்கான்."

எல்லை தாண்டியவர்களை எழுத முடியாது என்றார் அதிகாரி.

"புல்லு அங்க இருக்கு, போயிருக்காங்க. தீர்ந்தா வருவாங்க. வீடு இங்கதானே இருக்கு?" என்றாள் தலாசோ.

அதிகாரி குடிசைகளைப் பார்த்தார். எழுதினார்.

அதற்குள் வண்டியைச் சுற்றிக் கூட்டம். தங்கள் வீட்டுப் பெயர் விட்டுப்போகுமோ என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். தாள் தீர்ந்து, ஓட்டுநர் எழுதத் தேயிலைப் பொட்டலத்தைக் கிழித்துக் கொடுத்தார்.

கடைசியில் அதிகாரி கூட்டிப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. எண்ணைச் சொல்ல வாயைத் திறந்தார். கூட்டம் மொத்தமும் காதைப் பொத்திக்கொண்டது.

"அதைச் சொல்லாதீங்க," என்றாள் தலாசோ. கோபம் இன்னும் தீரவில்லை. "கிணறு உண்டா, இல்லையா?"

"உண்டு."

"சரி, இறங்குங்க. எங்க தோண்டணும்னு காட்டுறேன்."