இசபெல்லாவுக்கு ஒரு போன்!

போன் அலறியது.

கல்யாணசுந்தரி அப்போதுதான் சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். காரைக்கால் கடைத்தெருவில், மாடியில் ஒற்றை அறை. 'வாழ்வரசி திருமணத் தகவல் மையம்'. வாங்குகிற சம்பளத்தைக் கூட்டிச் சொல்கிறவர்கள், வயதைக் குறைத்துச் சொல்கிறவர்கள் எல்லோரையும் இருபது வருடமாகப் பார்த்து வருகிறவள். யாருக்கும் பயந்ததில்லை.

"ஹலோ, வாழ்வரசி..."

"கம்ப்யூட்டரப் போடு."

தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு குரல்!

போட்டாள்.

கறுப்புத் திரை. நடுவே சிவப்பாக ஒரு பூட்டு...

"உன்கிட்ட பதிஞ்சிருக்க நானூறு பொண்ணுங்களோட போட்டோ, போன் நம்பர், விலாசம் எல்லாம் இப்ப என்கிட்ட. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அஞ்சு லட்சம் வரணும். இல்லேன்னா அத்தனை போட்டோவையும் அசிங்கமா மாத்தி நெட்ல விட்டுடுவேன்!"

கல்யாணசுந்தரியின் வாய் அடங்கவில்லை.

"டேய்! அந்தப் பொண்ணுங்க என்னை நம்பி போட்டோ குடுத்ததுங்க. ஒத்தப் பைசா பேராது. வைடா போனை!"

வைத்துவிட்டான்.

பக்கத்து ஊர் நெரவியில் இருக்கும் கீர்த்திகாவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. நிச்சயம் முடிந்து, வருகிற புதன்கிழமை முகூர்த்தம். அவள் படம் அசிங்கமாக வெளியே வந்தால்..?

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். மூச்சு வாங்க வந்து நின்றார் நீலகண்டன். எதிர்ச்சாரியில் பாத்திரக்கடை, சிறு வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர். மகனுக்கு இவளிடம்தான் பெண் தேடுகிறார். பத்துக்குப் பத்துப் பொருத்தம் இல்லை என்று இதுவரை பதினோரு பெண்களைத் தட்டிக் கழித்தவர்.

"என்னக்கா சத்தம்? என் கடை வரைக்கும் கேக்குது!"

சொன்னாள்.

"அடக் கடவுளே! குடுத்துத் தொலைச்சுடுங்கக்கா. பொண்ணுங்க விஷயம்! போன வாரம் ஒருத்தன் வந்து கம்ப்யூட்டர்ல என்னமோ போட்டுட்டுப் போனானே, அவன் வேலையாத்தான் இருக்கும். ஓசியில வர்றது எதுக்கு ஆகும்?"

அவள் தலையில் அடித்துக் கொண்டாள். சிறு கடைகளின் கம்ப்யூட்டருக்கு அரசாங்கச் செலவில் பாதுகாப்பு என்று ஒரு திட்டம். சங்கத்தின் மூலம் மனுப் போட்டிருந்தாள். கழுத்தில் அட்டையோடு ஒருவன் வந்தான். எதையோ ஏற்றினான், டீ குடித்தான், போய்விட்டான்.

"மேடம், வரலாமா?"

வாசலில் ஒரு இளம்பெண், தோளில் பை.

"என் பேரு ஜோவிதா. சிறு கடைகளுக்கான பாதுகாப்புத் திட்டத்துலேர்ந்து வர்றேன்."

"போன வாரமே வந்துட்டீங்களேம்மா!"

"நாங்களா? உங்க முறை இன்னிக்குத்தானே மேடம்! நாங்க யாரையும் அனுப்பலையே..."

"அக்கா, இதுவும் கூட்டாளிதான்! பையப் புடுங்குங்க!" கத்தினார் நீலகண்டன்.

ஜோவிதா அசரவில்லை. "என்னை நம்பாதீங்க மேடம். ஆபீசுக்கே போன் போட்டுக் கேளுங்க. ஆனா நம்பரை நான் தர மாட்டேன், நீங்களே தேடி எடுங்க. வந்தவன் குடுக்கற நம்பரை நம்பக் கூடாது. முதல் பாடமே அதுதான்."

கல்யாணசுந்தரி தேடி எடுத்துக் கேட்டாள். ஜோவிதா உண்மையான ஆள்!

"சரி... நான் பணத்துக்கு ஏதாவது வழி இருக்கான்னு பாக்கறேன்." நீலகண்டன் படியிறங்கிப் போனார்.

"பணம் குடுக்காதீங்க மேடம். குடுத்தாலும் போட்டோவ அழிப்பான்னு என்ன நிச்சயம்?"

"குடுக்கறேன்னு எவ சொன்னா?" கல்யாணசுந்தரி, மைக் செட் கட்டி ஆட்டோ ஓட்டும் சேக் பரீதுக்குப் போன் போட்டாள். "தம்பி, நான் பேசிப் பதிஞ்சு அனுப்பறேன். பூவத்துல ஆரம்பிச்சு நெரவி வரைக்கும் ஒரு தெரு விடாம போடு!"

கொஞ்ச நேரத்தில் அவள் குரல் கடைத்தெருவையே கிழித்தது.

"வாழ்வரசி கல்யாணசுந்தரி பேசறேங்க! என் கடையில திருட்டு நடந்துருக்கு. உங்க வீட்டுப் பொண்ணு போட்டோன்னு அசிங்கமா எது வந்தாலும் அது பொய்யி. எவன் மிரட்டினாலும் காசு குடுக்காதீங்க. வெக்கப்பட வேண்டியது திருடன்தான், நம்ம பொண்ணுங்க இல்ல!"

முதல் போன் நெரவியிலிருந்து வந்தது. கீர்த்திகாவேதான்!

"ஆன்ட்டி, மாப்பிள்ளை வீட்டுக்கு நானே சொல்லிட்டேன். நீங்க அவனை விடாதீங்க!"

கல்யாணசுந்தரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

அடுத்த போன்... தகர டப்பா.

"திமிரா? மைக் வச்சா ஊரக் கூட்டறே? அஞ்சு மணியெல்லாம் வேணாம். இப்பவே விடறேன் பாரு!"

சட்டென்று அவள் குரல் இறங்கியது.

"ஐயோ, வேணாம் சாமி! பணம் பொரட்டறேன். அஞ்சு மணி வரைக்கும் பொறு. அந்த இசபெல்லா போட்டோ வெளிய போச்சுன்னா நான் தொலைஞ்சேன்... பிரான்ஸ் குடியுரிமை, ஒரே பொண்ணு. மாப்பிள்ளையையும் அங்க கூட்டிட்டுப் போறேங்கறாங்க. நாளைக்கு பிளைட் ஏறுதுங்க. அதுக்குள்ள ஒரு வரன் அமையணும்..."

தகரம் இறங்கி வந்தது.

"...அஞ்சு மணி!"

"யாரு ஆன்ட்டி அந்த இசபெல்லா?" ஜோவிதா கேட்டாள்.

"அப்படி ஒருத்தியே கெடையாது!"

"என்னது?"

"புதுசா வர்றவங்க கண்ணுக்குக் குளிர்ச்சியா ஒரு வரனைக் காட்டணும்ல? பிரான்ஸ்னு சொன்னா இந்த ஊர்ல கூட்டம் அம்மும். கேட்டா, அந்த வீட்டுல ரொம்ப யோசிக்கறாங்கன்னு சொல்லி வேற பொண்ணக் காட்டுவேன்."

"ஏமாத்து வேலை ஆன்ட்டி அது!"

"அப்பறமா திட்டு." கைப்பையிலிருந்து பழைய பட்டன் போன் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். "இசபெல்லா நம்பர் இதுதான். ஒரு மனுஷனுக்கும் குடுத்ததில்ல. கம்ப்யூட்டருக்குள்ள மட்டும்தான் இருக்கு..."

ஜோவிதாவின் கண்கள் விரிந்தன. "அப்ப இதுல எவன் கூப்பிட்டாலும் அவன்தான் திருடன்! ஆன்ட்டி... பொய்யா ஒரு விவரத்தை உள்ள வச்சுத் திருடனைப் பிடிக்கறதுன்னு எங்களுக்கு ரெண்டு நாள் பாடம் எடுத்தாங்க!"

காத்திருந்தார்கள்.

பட்டன் போன் அடித்தது!

கல்யாணசுந்தரி ஸ்பீக்கரில் போட்டாள். குரல் தெரியாமலிருக்க வாயில் புடவைத் தலைப்பு.

"ஹலோ... இசபெல்லா வீடுங்களா? வரன் விஷயமா, பையன் வீட்டுலேர்ந்து பேசறோம்..."

தகரம் இல்லை. தேன் சொட்டியது!

"சொல்லுங்க. ஆனா நாங்க கிறிஸ்தவங்க. ஜாதகமெல்லாம் கெடையாதுங்களே..."

"ஜாதகம் எதுக்குங்க! மனப்பொருத்தம் போதாதா?"

இந்தக் குரல்...

கல்யாணசுந்தரி ஜன்னலைத் திறந்தாள்.

எதிர்க்கடையில், எவர்சில்வர் குடங்களுக்கு நடுவே, காதில் போனோடு நீலகண்டன்! அவர் உதடு அங்கே அசைய, சொல் இங்கே மேஜையில் விழுந்தது.

"பையன் தங்கம்ங்க. பாரீசுக்கு இன்னிக்கே வரச் சொன்னாலும் வருவான்..."

அவள் பேச்சை வளர்த்தாள். ஜோவிதா போலீசுக்குப் போன் போட்டாள்.

சப்-இன்ஸ்பெக்டர் சோமசேகரன் வந்தபோது நீலகண்டன் மகனின் படிப்பை விவரித்துக் கொண்டிருந்தார். குக்கர் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு லேப்டாப். அதில்தான் தகரக் குரல், பூட்டின் சாவி, நானூறு பெண்களின் படங்கள்... எல்லாம்! ஒரு படம்கூட இன்னும் வெளியே போயிருக்கவில்லை.

"சங்கத்துல மனுப் போட்ட கடைக்கெல்லாம், நிஜ ஆள் போறதுக்கு முன்னாடி வெளியூர்லேர்ந்து ஒருத்தனை அனுப்பிருக்கான்ம்மா," என்றார் சோமசேகரன். "அடுத்து அஜ்மீர் செருப்புக்கடை, அப்பறம் அமீர் நிஷா தையல் கடை. நீங்க பயந்து குடுத்திருந்தா, வரிசையா எல்லாரையும் கறந்திருப்பான்."

ஜோவிதா பூட்டைத் திறந்தாள். திரையில் மறுபடி பெண்கள் சிரித்தார்கள்.

விலங்கோடு நின்ற நீலகண்டன் முனகினார். "அக்கா... புத்தி கெட்டுப் போச்சுக்கா. அந்த இசபெல்லா வீட்டுக்கு மட்டும் சொல்லிடாதீங்கக்கா. பையன் வாழ்க்கை..."

கல்யாணசுந்தரி திரையை அவர் பக்கம் திருப்பினாள். இசபெல்லா, இரட்டைப் பின்னலோடு சிரித்தாள்.

"நல்லாப் பாரு. நான் காலேஜ் படிக்கறப்ப எடுத்தது. ஸ்டூடியோவுல குடுத்து கலர் ஏத்தினேன்."

நீலகண்டன் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி திரையை...

"அக்கா!"

"வாய்க்கு வாய் அக்காங்கறே... பெத்த புள்ளைக்கு அவன் அத்தையையே பொண்ணு கேட்டுட்டியே நீலகண்டா! பத்துப் பொருத்தத்துல இது எந்தப் பொருத்தம்டா?"