மூன்று இழுப்பு, ஒரு தட்டு

மதிய டீயை எவர்சில்வர் மூடியில் பாதி ஊற்றித் தங்கை ஜான்சியிடம் நீட்டினாள் மேரிசெல்வி.

"பிரசிடெண்ட் பொண்டாட்டி கையால டீ குடிக்கிற. சும்மா உறிஞ்சாத, மரியாதையா குடிடி."

ஜான்சிக்குச் சிரிப்பில் டீ புரையேறியது. மரக்காணம் உப்பளத்தில் அக்காவைப் போல் இன்னொருத்தி இல்லை. அவள் கணவன் ஜெயசீலன் ஊராட்சித் தலைவர் பதவிக்கு ஓட்டுக் கேட்டு அலைந்தபோது அவனுடைய உப்புப் பாத்திகளைக் கவனித்துக்கொண்டவள் அவள். பெண்களின் ஓட்டை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவளும் அவளே. ஜெயித்த அன்று, கழுத்து நிறைய மாலையோடு நின்றவனிடம் ஊர் முன்னால் சொன்னாள்:

"நாற்காலில உக்காந்ததும் பொம்பளைங்கள மறந்துடாதீங்க. இடி, மழைன்னா ஒதுங்க அளத்துல ஒரு கூரை இல்ல."

"மொத வேலையே அதான் செல்வி" என்றான் அவன்.

மூடியைக் கவிழ்த்துவிட்டு மேரிசெல்வி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, நீளப் பிடி போட்ட பலகையை எடுத்தாள். உப்பு வாருவதில் அவளுக்கென்று ஒரு தாளம் உண்டு. மூன்று இழுப்பு. பிறகு, ஒட்டிய உப்பு உதிர, வரப்பில் பலகையை ஒரு தட்டு.

சர்ர். சர்ர். சர்ர். டொக்.

வடக்கே வானம் கறுத்தது. வாரிய குவியலை ஓலையால் மூட ஓடினாள். வெட்டவெளியில் அவள் ஒருத்திதான் உயரம். இடி அவள்மேல் இறங்கியது.

அவளுடைய முப்பதாம் நாள் நினைவுப் பூசை முடிந்த மாலை, ஜெயசீலன் ஜான்சியைப் புதிதாகக் கட்டிய ஊராட்சி மன்றத்துக்கு அழைத்துப் போனான். பெயின்ட் வாசம் போகவில்லை. சுவரை ஒட்டித் தலைவர் நாற்காலி. அதில் சாய்ந்துகொண்டான்.

"நாளைக்கு திறப்பு. நீ நாலு வார்த்தை பேசணும். மொதல்ல மன்றத்த கட்டுங்க, கூரைய அப்புறம் பாத்துக்கலாம்னு உங்கக்காவே சொன்னான்னு."

ஜான்சிக்கு அப்போதுதான் விளங்கியது. கூரைக்கு வந்த பணம்தான் இந்தச் சுவர்களாக நிற்கிறது.

"அக்கா அப்படி சொல்லல மாமா."

"செத்தவளா வந்து இல்லைன்னு சொல்லப் போறா?"

சர்ர்.

அளத்துத் தண்ணீரின் நெடி ஜான்சியின் மூக்கில் ஏறியது.

"எலியா இருக்கும்" என்றான் அவன்.

சர்ர்.

நாற்காலிக்குப் பின்சுவரில் வெள்ளையாக என்னவோ பூத்துக்கொண்டிருந்தது.

"கொத்தனார் அளத்து மணல்ல பூசிட்டான். உப்பு பூக்குது, வேறென்ன?" என்றான், ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு.

உப்பு தரையிலிருந்து மேலேறும். அது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். இது மேலிருந்து இறங்கியது. முதலில் துண்டு சுற்றிய தலை. பிறகு தோள். வளைந்த இடுப்பு. கையில் நீளமாக ஒரு பிடி.

சர்ர்.

மூன்றாகிவிட்டது.

ஜான்சி ஓரடி பின்வாங்கினாள்.

ஜெயசீலன் இந்தத் தடவை திரும்பிப் பார்க்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "செல்வி?"

டொக்.

அவன் சாய்ந்திருந்த நாற்காலியின் முதுகில் விழுந்தது அந்தத் தட்டு. வெள்ளைச் சட்டையின் தோளில் உப்பு உதிர்ந்தது.

மறுநாள் மைக்கின் முன்னால் ஜான்சி, அக்கா என்ன சொன்னாளோ அதை மட்டும் சொன்னாள். பெண்கள் ஒருவர்கூட மன்றத்துக்குள் கால் வைக்கவில்லை. வாசலிலிருந்தே அளத்துக்குத் திரும்பினார்கள். ஜெயசீலன் ஜான்சியோடு பேச்சை நிறுத்திக்கொண்டான்.

சுவரைச் சுரண்டிப் புதுக் கலவை பூசினார்கள். தலைதான் முதலில் பூத்தது. மறுபடியும் பூசினார்கள். நாற்காலியை எதிர்ச்சுவருக்கு மாற்றிப் பார்த்தார்கள். உருவமும் எதிர்ச்சுவருக்கு மாறியது.

வடக்கே வானம் கறுக்கும்போதெல்லாம், பூட்டிய மன்றத்துக்குள் மூன்று இழுப்பும் ஒரு தட்டும் கேட்கின்றன. கேட்டதும் அளத்துப் பெண்கள் பலகையைப் போட்டுவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு வரப்போரம் குனிந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

ஒதுங்க அங்கே இன்னும் கூரை இல்லை.