கொலைக்கு முப்பத்தேழு டிகிரி

அந்தக் கண்ணாடி அறையின் வாசலில் ஐந்து பேர் இருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர். அவளுடைய கான்ஸ்டபிள். இறந்தவனின் மனைவி. அந்த மனைவியின் அண்ணன். ஸ்ட்ரெச்சரில், முகம் மறையப் போர்த்தப்பட்டு, இறந்தவன்.

ஐந்தாவது ஆளுக்கு மட்டும்தான் வியர்க்கவில்லை.

மொட்டைமாடிக்குக் கீழே கடைசி அறை. மூன்று பக்கமும் கண்ணாடி, திறக்க ஒரு ஜன்னல் இல்லை. நேற்று சனிக்கிழமை, ஆபீஸில் வேறு யாரும் கிடையாது. மதியம் இறந்தவன் உள்ளே இருக்கும்போது எலெக்ட்ரானிக் பூட்டு விழுந்தது. ஏசி நின்றது. அவன் செல்போனோ வெளியே மேஜையில்...

அறைச் சூட்டிலேயே உயிர் போயிருக்கிறது என்றார் போலீஸ் டாக்டர்.

"ஹார்ட் அட்டாக் மேடம்," என்றான் அண்ணன்காரன். ஒரு கட்டடம் எவ்வளவு சூடாகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது அவன் பிழைப்பு. தங்கை புருஷன்தான் பார்ட்னர். "பூட்டு தானா மாட்டிக்கிச்சு. மாப்பிள்ளை பயத்துல போயிட்டார். நான் கம்ப்யூட்டர்ல இந்த ரூமை ரன் பண்ணியே பார்த்துட்டேன்."

லேப்டாப்பைத் திருப்பினான். திரையில் சிவப்பாக ஒரு கோடு.

"ஏசி இல்லாம அடைச்சு வெச்சாலும் இந்த ரூம் முப்பத்தேழு டிகிரிதான். ஆளுக்கு வேர்க்கும். சாக மாட்டான்."

"வெயிலை எங்கேருந்து எடுத்தீங்க?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"வெதர் ஃபைல்." எல்கேஜி பிள்ளைக்குச் சொல்வது போல ஆரம்பித்தான். "வருஷத்துல ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இவ்வளவு சூடு, இவ்வளவு காத்து, இவ்வளவு வெயில்னு இருக்கும். சாஃப்ட்வேர் வரிசையா படிச்சுக்கிட்டே போகும்."

"நேத்து அதுல இருக்கா?"

"நேத்து தேதி இருக்கு..." இருமினான். "அது சாம்பிள் வருஷம் மேடம். பழைய ரெக்கார்டுல, ஜாஸ்தியும் இல்லாம கம்மியும் இல்லாம இருந்த மாசமா பொறுக்கி ஒட்டியிருப்பாங்க. ஒரு மாசம் ஒரு வருஷத்துது, அடுத்தது வேற வருஷத்துது."

"ஆக, நடக்கவே நடக்காத வருஷம். கொளுத்தின மாசமெல்லாம்?"

"செலக்ட் ஆகாது."

"பேஷ். நேத்து தேதிக்கு அதுல என்ன?"

அவன் திரையைப் பார்க்காமலே சொன்னான்.

"மேகமூட்டம்."

கான்ஸ்டபிள் மூக்கால் சிரித்தான். "நேத்து பைக் சீட்டுல உக்கார முடியாம நின்னுக்கிட்டே ஓட்டினேன் மேடம். சாருக்கு மட்டும் மேகமாம்."

"சாஃப்ட்வேர் பொய் சொல்லாதுய்யா."

"சொல்லாது," என்றாள் இன்ஸ்பெக்டர். "கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும். கொடுக்கற ஆளு எப்படியோ அப்படி."

அதுவரை ஸ்ட்ரெச்சரையே பார்த்துக்கொண்டிருந்த தங்கை நிமிர்ந்தாள்.

"முப்பத்தேழுதானேண்ணா?"

"ஆமாம்மா. நான் உனக்குப் பொய் சொல்வேனா?"

"அப்ப உள்ள போய் உக்காரு. ஏசி ஆஃப்லதான் இருக்கு. ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வா. ஹார்ட் அட்டாக்னு நானே கையெழுத்துப் போடறேன்."

"லூசாடி நீ? அம்பத்திரெண்டு டிகிரியில மனுஷன் உக்காருவானா?"

இன்ஸ்பெக்டர் லேப்டாப்பை மூடினாள்.

"அம்பத்திரெண்டு," என்றாள் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "உள்ள சூடு அளக்கற சென்சாரோட ரெக்கார்டை நேத்து ராத்திரி யாரோ சுத்தமா அழிச்சிருக்காங்க. அந்த நம்பர் எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. நேத்து அதைப் பார்த்துக்கிட்டே இருந்தவனுக்குத்தான் தெரியும்."

கான்ஸ்டபிள் அண்ணன்காரன் கையிலிருந்த போனைப் பிடுங்கினான். ரூம் சூடு, ஏசி, கதவுப் பூட்டு... மூன்றும் ஒரே திரையில், விரலால் தொட்டால் மாறும்படி.

"ஏறிக்கிட்டே போச்சு. நீ பார்த்துக்கிட்டே இருந்தியாண்ணா?"

"என்னை கம்பெனியை விட்டுத் தூக்கறேன்னான். என் ரிப்போர்ட் எல்லாம் குப்பைன்னான்..."

"குப்பைதானே," என்றாள் தங்கை.

சாயங்காலம். லாக்கப். ஃபேன் இல்லை, ஜன்னல் கையகலம். உள்ளே தள்ளப்பட்டவன் சட்டைப் பொத்தானைக் கழற்றி விசிறிக்கொண்டான்.

"மேடம்... ரொம்பப் புழுங்குது. இதுல போட்டுப் பூட்டினா நான் செத்துடுவேன்."

"பயப்படாதீங்க சார்," என்றாள் இன்ஸ்பெக்டர், கம்பிக் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பிக்கொண்டே. "நாங்க பூட்டினா, திறக்கவும் செய்வோம்."