கண்ணில் ஒரு சொட்டு காளான்

"ஐயோ... கண்ணு!"

இயக்குநரின் அலறலில் ஆய்வுக்கூடமே அதிர்ந்தது.

காரணம், உதவியாளன் உடைசல்.

பெற்றோர் வைத்த பெயர் வேறுதான். ஆனால் வாரம் ஒரு குடுவையை உடைப்பவனை அந்தப் பெயரில் யார் கூப்பிடுவார்கள்? இன்று அவன் கை நழுவவிட்டது வைரஸ் சீசா! தெறித்ததெல்லாம் இயக்குநரின் கண்களில். பாதுகாப்புக் கண்ணாடி வழக்கம்போல் அவர் நெற்றியில் இருந்தது... நெற்றிக்குச் சேதமில்லை.

கருவிழியைத் தின்னும் வைரஸ். அதை அடக்கும் மருந்தைக் காளானிலிருந்து பிரித்துவிட்டதாக மேடை மேடையாக முழங்கியவர், இப்போது வாஷ்பேசினில் தலையைக் கவிழ்த்துக் கண்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

உடைசல் ஓடிவந்து அவர் கையில் ஒரு புட்டியைத் திணித்தான்.

"இந்தாங்க சார். நம்ம காளான் சொட்டு."

தேளைத் தொட்டதுபோல் உதறினார்.

"இது வேணாம்டா. ஃப்ரிட்ஜ்ல பழைய மருந்து இருக்கு, அதை எடு."

"எதுக்கு சார்? இதுல எல்லாருக்கும் குணமாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

உடைசல் ஃப்ரிட்ஜ் கதவில் சாவகாசமாகச் சாய்ந்துகொண்டான்.

டீச்சராக இருந்த அவன் அக்காவுக்கும் இதே வைரஸ்தான். பழைய மருந்தை நிறுத்தச் சொல்லி இந்தச் சொட்டைக் கொடுத்தவர் இவர். இரண்டு கண்ணும் போனதும், 'உன் தலையெழுத்தும்மா' என்று கைகழுவியவரும் இவரே. இவன் யாருடைய தம்பி என்று விசாரிக்காமல் வேலைக்குச் சேர்த்துக்கொண்டது, பாவம், அவர் தலையெழுத்து!

"நேரா பதில் சொல்லுங்க சார், மருந்து தர்றேன். இந்தச் சொட்டு வேலை செய்யுமா?"

தண்ணீர் ஓடியது. அவர் உடைந்தார்.

"லேப் தட்டுல வைரஸை அடக்குச்சு. மனுஷக் கண்ணுல அடக்கல. நான்தான் சோதனை முடிவை மாத்துனேன். போதுமா?"

"போன வருஷம் ஒரு டீச்சருக்கு ரெண்டு கண்ணும் போச்சே... அவங்களுக்குக் கொடுக்கறப்பவே தெரியுமா?"

"...தெரியும்."

உடைசல் தண்ணீரை நிறுத்தினான். துண்டை நீட்டினான்.

"துடைச்சுக்கோங்க சார். தெறிச்சது வெறும் உப்புத்தண்ணி. வைரஸ் உள்ள பத்திரமா இருக்கு."

இயக்குநர் கண்ணைத் திறந்தார். எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மெல்லச் சிரித்தார்.

"கெட்டிக்காரன்டா நீ. ஆனா சாட்சிக்கு எங்க போவ?"

தடுப்புக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. கறுப்புக் கண்ணாடியோடு அக்கா, காக்கிச் சட்டைக்காரர் ஒருவரின் கையைப் பிடித்தபடி வெளியே வந்தாள்.

"எனக்குக் காது மட்டும்தான் சார் மிச்சம். இன்ஸ்பெக்டருக்குக் காது, கண்ணு ரெண்டுமே நல்லாயிருக்கு!"